எறும்பும் தன் கையால் எண்சாண்: கலவை வாயுக்களின் கணக்கை ஒத்த நிலை முறையில் போடுவது எப்படி

60 லிட்டர் கொள்ளளவுள்ள சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை வாயு) சிலிண்டர் ஒன்று. அழுத்தம் 200 பார், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். உள்ளே எத்தனை கிலோ வாயு இருக்கும்? பள்ளியில் படித்த இலட்சிய வாயுச் சமன்பாட்டைப் போட்டால் 8.7 கிலோ வருகிறது. உண்மையில் அதைவிட 2 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கும். அந்த 2 கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்தான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் வாரத்தில் கொடுக்கும் கணக்கு இது. "அதற்குத்தான் மென்பொருள் இருக்கிறதே, பொத்தானை அழுத்தினால் வந்துவிடாதா?" என்பார்கள். வரும். தப்பான விடையும் அதே நாலு தசமத்தோடு, அதே அழகோடு வரும். ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் எங்கேயோ உறுத்தும். கால்குலேட்டர், ஒரு தாள், முடிந்தால் எக்செல். இவ்வளவு போதும்.

அடிப்படை எண்ணம்

"எறும்பும் தன் கையால் எண்சாண்" என்பார்கள். யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் ஒப்பிடவே முடியாது. அவரவர் கையால் அளந்தால் எல்லாரும் எட்டுச் சாண்தான். திரவங்களும் வாயுக்களும் அப்படித்தான். மீத்தேனுக்கு 300 கெல்வின் நல்ல சூடு. புரொப்பேனுக்கு அதே 300 கெல்வின், கொஞ்சம் அழுத்தினால் திரவமாகிவிடும் நிலை. ஆக, கெல்வினில் ஒப்பிட்டுப் பயனில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தமாக ஒரு சாண் உண்டு. அதுதான் அதன் மாறுநிலைப் புள்ளி. அதற்கு மேலே திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய 74 பார். வெப்பநிலையை மாறுநிலை வெப்பநிலையாலும், அழுத்தத்தை மாறுநிலை அழுத்தத்தாலும் வகுத்தால் கிடைப்பவை 'குறைத்த' வெப்பநிலையும் 'குறைத்த' அழுத்தமும். குறைத்த அளவுகள் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று வான் டெர் வால்ஸ் 1880-ல் சொன்னார். இதுதான் ஒத்த நிலைக் கோட்பாடு.

வெறும் ஏட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஹீலியத்தை யாரும் திரவமாக்கியிராத காலத்தில், லைடனில் கமர்லிங் ஓன்னஸ் இந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் அதன் மாறுநிலை வெப்பநிலை 5, 6 கெல்வின் அருகே இருக்கும் என்று கணித்தார். 1908 ஜூலையில் திரவமாக்கியும் காட்டினார். இன்று நாம் போடும் மதிப்பு 5.2 கெல்வின்.

முதல் வேலை: எண்களைச் சேர்ப்பது

நம் சிலிண்டரில் இருப்பது தூய மீத்தேன் அல்ல. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 100 மோலில் 90 மீத்தேன், 6 ஈத்தேன், 4 கார்பன் டை ஆக்சைடு. தேவையான மதிப்புகள் (மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலை அழுத்தம், ஒமேகா) எந்த வேதிப் பொறியியல் கையேட்டிலும் கிடைக்கும்:

மீத்தேன்: 190.6 கெல்வின், 46.0 பார், ஒமேகா 0.012
ஈத்தேன்: 305.3 கெல்வின், 48.7 பார், ஒமேகா 0.100
கார்பன் டை ஆக்சைடு: 304.2 கெல்வின், 73.8 பார், ஒமேகா 0.224

ஒமேகா என்ன என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நானே விழுந்த குழி இது. ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையில் சதவீதம் என்று மட்டும் போட்டிருக்கும். அது மோல் சதவீதமா எடைச் சதவீதமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே உள்ள கலவையை எடையில் சொன்னால் மீத்தேன் 80, ஈத்தேன் 10, கார்பன் டை ஆக்சைடு 10 என்று வரும். அதை மோல் என்று நினைத்துப் போட்டால் கலவையின் மாறுநிலை வெப்பநிலை 11 கெல்வின் எகிறிவிடும். எனக்கு அப்படி எகிறியது தெரியவே இரண்டு நாள் ஆனது. விடை பார்க்க நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வம்பு.

இன்னொன்று, அழுத்தமானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம். கணக்குக்கு வேண்டியது முழு அழுத்தம். 200 பாரில் அந்த 1 பார் பெரிதாகத் தெரியாது. ஆனால் 4 பார் குழாயில் 5-க்குப் பதிலாக 4 போட்டால் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

இரண்டாவது: கலவையை ஒரே பொருளாக மாற்றுவது

மூன்று பொருள்களுக்கு மூன்று சாண். கலவைக்கு எதை வைப்பது? கே என்பவர் 1936-ல் சொன்ன வழி மிக எளிது: மோல் பங்கால் பெருக்கிக் கூட்டு, அவ்வளவுதான்.

வெப்பநிலை: 0.90 × 190.6 + 0.06 × 305.3 + 0.04 × 304.2 = 202.0 கெல்வின்
அழுத்தம்: 0.90 × 46.0 + 0.06 × 48.7 + 0.04 × 73.8 = 47.3 பார்
ஒமேகா: 0.90 × 0.012 + 0.06 × 0.100 + 0.04 × 0.224 = 0.026

இவற்றுக்குப் 'போலி மாறுநிலை' மதிப்புகள் என்று பெயர். பெயரில் இருக்கும் போலியை மறக்க வேண்டாம். இந்தக் கலவையைக் கொண்டுபோய் 202 கெல்வினிலும் 47 பாரிலும் வைத்தால் அங்கே மாறுநிலை எதையும் பார்க்க மாட்டீர்கள். மீத்தேனையும் ஈத்தேனையும் சம பங்காகக் கலந்தால் உண்மையான மாறுநிலை அழுத்தம் 65 பாரைத் தாண்டிவிடும். தனித்தனியாக இரண்டுமே 50-ஐத் தொடாதவை. மீத்தேனும் புரொப்பேனும் சேர்ந்தால் சில விகிதங்களில் 100 பார் வரைக்கும் போகும். போலி மதிப்பு என்பது கணக்குக்கான கைத்தடி மட்டுமே. கலவை எங்கே இரண்டாகப் பிரியும், எங்கே திரவத் துளி விழும் என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது.

இனி வகுத்தல்: 300 ÷ 202.0 = 1.485. 200 ÷ 47.3 = 4.23. நம் கலவையின் முகவரி இந்த இரண்டு எண்கள்தான்.

மூன்றாவது: இசட்

உண்மை வாயு பிடிக்கும் இடத்தை, அதே நிலையில் இலட்சிய வாயு பிடிக்கும் இடத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் அமுக்கத்திறன் காரணி. புத்தகங்களில் இசட் என்ற எழுத்தால் குறிப்பார்கள். 1 என்றால் இலட்சியம். 1-க்குக் கீழே இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நெருங்கி நிற்கின்றன, அதே இடத்தில் கூடுதல் வாயு அடைபடும்.

வான் டெர் வால்ஸ் சொன்னபடி இரண்டு எண்களே போதுமென்றால் எல்லாப் பொருளுக்கும் ஒரே வரைபடம் போதும். ஆர்கான், கிரிப்டான் போன்ற உருண்டை மூலக்கூறுகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. நீண்ட மூலக்கூறுகளுக்குப் பொருந்துவதில்லை. இங்கேதான் ஒமேகா வருகிறது. அசென்ட்ரிக் காரணி என்ற பெயரில் 1955-ல் பிட்சர் அறிமுகப்படுத்தினார்.

அவர் கவனித்தது இது. மாறுநிலை வெப்பநிலையில் பத்தில் ஏழு பங்கு வெப்பநிலைக்கு ஆர்கானைக் கொண்டுபோனால், அதன் ஆவியழுத்தம் மாறுநிலை அழுத்தத்தில் மிகச் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. மற்ற பெரும்பாலான பொருள்களுக்கு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதே ஒமேகா. புரொப்பேனை எடுத்துப் பாருங்கள். மாறுநிலை 369.8 கெல்வின், 42.5 பார். அதில் 0.7 பங்கு 259 கெல்வின், அதாவது ஏறக்குறைய மைனஸ் 14 டிகிரி. அங்கே ஆவியழுத்தம் 3.0 பார். 3.0 ÷ 42.5 = 0.0706. இதன் பத்தடிமான மடக்கை மைனஸ் 1.15. குறியை மாற்றி 1-ஐக் கழித்தால் 0.15. கையேட்டில் 0.152 என்று இருக்கும். ஒரே ஓர் ஆவியழுத்த அளவீட்டிலிருந்து மூலக்கூறின் வடிவத்துக்கு ஓர் எண் கிடைத்துவிடுகிறது. இதில் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

பிட்சர் முறையில் இசட் இரண்டு துண்டாக வரும்: ஆர்கான் போன்ற எளிய பொருளுக்கான இசட்-பூஜ்யம், அதோடு ஒமேகாவால் பெருக்கிய திருத்தம் இசட்-ஒன்று. இந்த இரண்டுக்கும் லீயும் கெஸ்லரும் 1975-ல் சமன்பாடும் அட்டவணையும் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் எளிய பொருள், மறுபக்கம் ஆக்டேன். இரண்டுக்கும் நடுவில் உங்கள் பொருள் எங்கே நிற்கிறது என்று ஒமேகா சொல்லும்.

அட்டவணையை அப்படியே வாசிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. குறைத்த அழுத்தம் 3-க்கு அடுத்த நிரல் 5. நமக்கு வேண்டியது 4.23. நடுவில் நேர்கோடு போட்டால் விடை கூடுதலாக வரும், ஏனென்றால் இந்த வெப்பநிலையில் இசட் கீழே இறங்கித் தொங்கிவிட்டுத் திரும்ப ஏறுகிறது. நேர்கோடு அந்தத் தொங்கலுக்கு மேலே போகும். எனவே சமன்பாட்டையே எக்செல்லில் ஏற்றிவிடுங்கள். எளிய பொருளுக்கு 12 மாறிலிகள், ஆக்டேனுக்கு 12. இசட்டை ஊகித்து, அதிலிருந்து குறைத்த கனஅளவை எடுத்துச் சமன்பாட்டில் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகும் வரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். நான் 0.80-ல் தொடங்கினேன், சமன்பாடு 0.783 என்றது, 0.785 போட்டேன், 0.786 என்றது. இரண்டே சுற்று. மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே போனால் மட்டும் கவனம்: ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரும், ஆவிக்கு ஒன்று, திரவத்துக்கு ஒன்று. எதை ஊகித்துத் தொடங்கினீர்களோ அதன் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு எக்செல் சும்மா இருந்துவிடும்.

நம் முகவரியில் இசட்-பூஜ்யம் 0.786. ஆக்டேன் பக்கம் 0.883, வித்தியாசத்தை ஆக்டேனின் ஒமேகாவான 0.3978-ஆல் வகுத்தால் இசட்-ஒன்று 0.245. ஆக,

இசட் = 0.786 + 0.026 × 0.245 = 0.792

திருத்தம் இங்கே ஒரு சதவீதம்கூட இல்லை, கலவையில் பெரும்பங்கு மீத்தேன் என்பதால். ஆர்கானை மைனஸ் 49 டிகிரிக்குக் குளிர்வித்து 207 பாரில் வைத்தாலும் கிட்டத்தட்ட இதே இசட்தான். அடுப்பில் எரிவதும் எதிலும் எரியாததுமான இரண்டு வாயுக்கள், ஆளுக்கு எட்டுச் சாண்.

சிலிண்டருக்குத் திரும்புவோம்

இலட்சிய வாயு என்றால் 60 லிட்டரில் 481 மோல். அதை 0.792-ஆல் வகுத்தால் 607 மோல். கலவையின் மோல் எடை 18.0 கிராம். 607 × 18.0 = 10.9 கிலோ. முதலில் வந்த 8.7 எங்கே, இது எங்கே! கால் பங்குக்கு மேல் வித்தியாசம்.

சரி, நிஜத்தில் வாயு நிரப்பும் நிலையத்தில் இவ்வளவு ஏறுகிறதா என்றால், பெரும்பாலும் ஏறாது. வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகிறது, 27 டிகிரியில் நிற்பதில்லை. கணக்கில் தப்பில்லை, வெப்பநிலைதான் வேறு. சூடான வெப்பநிலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை பாருங்கள், கிலோ குறைவதைக் காணலாம்.

விடையைச் சோதிக்காமல் யாரிடமும் காட்டாதீர்கள்

இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று, அதே எக்செல்லில் தூய மீத்தேனைப் போட்டுப் பார்ப்பது. 300 கெல்வின், 200 பாரில் 0.83, 0.84 என்று வர வேண்டும். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் தூய பொருள்களின் மதிப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தூய பொருளுக்கே சரியாக வராத தாள் கலவைக்கு எப்படி வரும்?

இன்னொன்று, குறைந்த அழுத்தத்தில் இசட்டை நேரடியாகக் கொடுக்கும் விரியல் சூத்திரம். 20 பாரில் நம் கலவை எப்படி என்று பார்ப்போம். குறைத்த வெப்பநிலையை 1.6 அடுக்குக்கு உயர்த்தி (1.88), அதனால் 0.422-ஐ வகுத்து (0.224), 0.083-லிருந்து கழியுங்கள்: மைனஸ் 0.141. அதேபோல் 4.2 அடுக்குக்கு உயர்த்தி (5.26), அதனால் 0.172-ஐ வகுத்து (0.033), 0.139-லிருந்து கழியுங்கள்: 0.106. இதை ஒமேகாவால் பெருக்கி முதலாவதோடு கூட்டினால் மைனஸ் 0.138. குறைத்த அழுத்தத்தைக் குறைத்த வெப்பநிலையால் வகுத்ததால் (0.423 ÷ 1.485) இதைப் பெருக்கி 1-ஓடு சேர்த்தால் 0.96. பேருந்தில் உட்கார்ந்துகூடப் போட்டுவிடலாம்.

ஆனால் இதே சூத்திரத்தை 200 பாருக்கு இழுத்துக்கொண்டு போனால் 0.61 என்று சொல்லும். சிலிண்டரில் 14 கிலோ! சூத்திரம் முனகாது, எச்சரிக்கை மணியும் அடிக்காது. குறைத்த அழுத்தம் சிறியதாக இருக்கும்வரை மட்டுமே அது செல்லும்.

எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும்

கே விதிக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு. கலவையில் எந்த இரண்டு பொருளை எடுத்தாலும் அவற்றின் மாறுநிலை வெப்பநிலைகளின் விகிதம் அரைக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும், அழுத்தத்துக்கும் அதே. நம் கலவையில் இரண்டு விகிதமும் 1.6. தப்பித்தோம், ஓரிரு சதவீதப் பிழையோடு நிம்மதியாக இருக்கலாம். மீத்தேனோடு புரொப்பேன் சேர்ந்தால் 1.94, விளிம்பில் நிற்கிறது. பியூட்டேன் என்றால் 2.23, வெளியே போய்விட்டது. அப்போது லீ, கெஸ்லர் கொடுத்த கலப்பு விதிகளுக்குப் போக வேண்டும். அவை ஒவ்வொரு ஜோடியின் மாறுநிலைக் கனஅளவையும் கணக்கில் எடுக்கும். கையால் போடக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், எக்செல்லுக்கு ஒன்றுமில்லை.

ஹைட்ரஜன் தனிக் கதை. ஹைட்ரஜன், ஹீலியம், நியான் மூன்றும் மிக இலேசானவை. தாழ்ந்த வெப்பநிலையில் குவாண்டம் விளைவுகள் தலைகாட்டுவதால் தங்கள் சாணுக்கே கட்டுப்படாதவை. ஹைட்ரஜனின் மாறுநிலை 33 கெல்வின், 13 பார். பழைய பொறியாளர்கள் மாறுநிலை வெப்பநிலையோடு 8 கெல்வினையும் மாறுநிலை அழுத்தத்தோடு 8 அட்மாஸ்பியரையும் கூட்டிக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ஒட்டு வேலைதான், ஆனால் வேலை செய்கிறது. நீர், அம்மோனியா, ஆல்கஹால் போல ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்துக்கொள்பவைக்கு ஒமேகா ஒன்று மட்டும் போதாது. அங்கே இந்த முறையை முதல் மதிப்பீட்டுக்கு மேல் நம்பாதீர்கள்.

கிணற்றிலிருந்து நேரே வரும் இயற்கை வாயுவுக்கு ஸ்டாண்டிங்கும் கட்ஸும் 1942-ல் போட்ட வரைபடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஹைட்ரஜன் சல்பைடோ கார்பன் டை ஆக்சைடோ அதிகம் என்றால், போலி மாறுநிலை மதிப்புகளை முதலில் விச்சர்ட், அஜீஸ் முறையில் திருத்திக்கொண்டு வரைபடத்துக்குள் போக வேண்டும். காசு கைமாறும் இடத்தில், அதாவது விற்பனை மீட்டரில், இது எதுவும் செல்லாது. ஜெர்க்-2008 போன்ற பெரிய சமன்பாடுகள்தான்.

வெப்பக் கணக்கு

அடர்த்தியோடு இந்த முறை நிற்பதில்லை. இலட்சிய வாயுவாக இருந்திருந்தால் இருக்கும் என்தால்பிக்கும் (அதாவது வெப்ப உள்ளடக்கத்துக்கும்) உண்மையான என்தால்பிக்கும் உள்ள இடைவெளியையும் இதே இரண்டு எண்களை வைத்து எடுக்கலாம். லீ, கெஸ்லரில் அதற்கும் பூஜ்ய அட்டவணை, ஒன்று அட்டவணை உண்டு. நம் முகவரியில் முதலாவது மைனஸ் 2.04, இரண்டாவதை ஒமேகாவால் பெருக்கியபின் மூன்றாவது தசமத்தில்தான் தெரிகிறது, விட்டுவிடலாம். இந்த எண்ணை வாயு மாறிலியாலும் போலி மாறுநிலை வெப்பநிலையாலும் பெருக்க வேண்டும்: 2.04 × 8.314 × 202.0, ஏறக்குறைய 3,430. மோலுக்கு 3.4 கிலோஜூல் குறைவு. இங்கே பலர் பெருக்குவதற்கு 300-ஐ எடுத்துவிடுவார்கள். அது 202.

இந்த 3.4 கிலோஜூலுக்கு என்ன பொருள்? 200 பாரிலிருந்து வால்வு வழியாக வெளியே விடும்போது, வெளியிலிருந்து வெப்பம் வரவில்லை என்றால் என்தால்பி மாறாது. நெருங்கி நின்ற மூலக்கூறுகள் விலக வேண்டும். அதற்கான செலவைத் தங்கள் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில் இந்தக் கலவையின் மோல் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு 35 ஜூல் என்று வைத்தால், 3,430 ÷ 35, நூறு டிகிரியை ஒட்டி இறங்கும். 27 டிகிரியில் இருந்த வாயு மைனஸ் 70-க்கு வந்து நிற்கும். சி.என்.ஜி. வண்டியின் பானட்டைத் திறந்து அழுத்தக் குறைப்பானைப் பாருங்கள்: வாயுக் குழாய்களோடு கூடவே இரண்டு ரப்பர் குழாய்கள் உள்ளே போகும். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் சுடுநீர் அவற்றில் ஓடுகிறது, குறைப்பான் உறைந்துவிடாமல் இருக்க.